'மெட்டீரியல்: எம்.எஸ்.'னு எழுதினா போதுமா?

மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து மல்லாட்டை உடைக்கிற மெஷின் செஞ்சோம். (செஞ்சிப் பக்கம் மல்லாட்டை, மத்த ஊர்க்காரங்களுக்கு வேர்க்கடலை.) லேத் பட்டறையில ஹப்பைக் கடைஞ்சு வாங்கி, அதுல நாலு கைகளை வெல்டிங் பண்ணினோம். மாமா வீட்டுக் களத்துல ஓட்டிப் பார்த்தா, பத்தே நிமிஷத்துல ஒரு கை கழன்று போச்சு. மேல மூடி இருந்ததால யாருக்கும் அடிபடல. எடுத்துப் பார்த்தோம். வெல்டிங்கோட நடுவுலயே நீளமா ஒரு விரிசல்.

முதல்ல வெல்டர் மேல பழியைப் போட்டோம். உண்மையில தப்பு எங்களோடது. ட்ராயிங்ல 'மெட்டீரியல்: எம்.எஸ்.'னு மட்டும் எழுதியிருந்தோம். லேத்கார அண்ணன் தன்கிட்ட இருந்த ராடுல கடைஞ்சு கொடுத்துட்டார். "நல்லா அறுபடுற ராடு தம்பி, சுருளே வராது, பொடிப்பொடியா கொட்டும்"னு அன்னைக்கே சொன்னார். அது இஎன் 1ஏ.

இஎன் 1ஏ-ல 0.2 முதல் 0.3 சதவீதம் வரை கந்தகத்தை வேணும்னே சேர்க்கிறாங்க. சாதாரண கட்டுமான ஸ்டீல்ல 0.045 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கந்தகம் இரும்போட சேர்ந்தா, சுமார் 988 டிகிரியிலேயே உருகிப் போற ஒரு கலவை உருவாகும். சிவக்கக் காய்ச்சி அடிக்கும்போது ஸ்டீல் பிளந்துக்கும். இதுக்கு மருந்து மாங்கனீசு. 1856-ல பெஸ்ஸிமர் ஸ்டீல் தடுமாறினப்போ, ராபர்ட் முஷெட் மாங்கனீசு சேர்த்துத்தான் அதைக் காப்பாத்தினார். மாங்கனீசு கந்தகத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அந்த மாங்கனீசு சல்ஃபைடு 1,600 டிகிரி வரைக்கும் உருகாது.

இந்தத் துகள்கள் மென்மையானவை. டூல் வெட்டும்போது சுருள் அங்கங்க உடையும். டூல் முனைக்கு மசகு மாதிரியும் உதவும். இதே குடும்பத்து அமெரிக்க 1212 ஸ்டீலுக்கு அறுபடும் தன்மையில 100 மார்க்னு வச்சா, 1045-க்கு 57 அளவுதான்.

ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. ராடை உருட்டும்போது இந்தத் துகள்கள் நீளவாக்குல இழைகளா இழுபடும். நீளவாக்குல இழுத்தா பெரிசா பாதிப்பு இல்லை. குறுக்கே இழுத்தா அந்த இழை வழியா கிழியும். டைட்டானிக் கப்பலோட தகட்டை 1990-களில் சோதிச்சப்போ, 0.069 சதவீதம் கந்தகம் இருந்தது. குளிர்ல அது எளிதா உடைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொன்னாங்க. வெல்டிங்ல இன்னும் மோசம். உருகின உலோகம் உறையும்போது, கந்தகம் நிறைந்த திரவம் கடைசி வரைக்கும் உறையாம நடுவுல ஒதுங்கும். சுருங்குற இழுப்புல அங்கேயே பிளக்கும். எங்க விரிசலும் அப்படித்தான்.

அதுக்காக கந்தகம் வில்லன் இல்லை. ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபிட்டிங் கடையுற இடத்துல இஎன் 1ஏ வரப்பிரசாதம். குரோமியம், மாலிப்டினம் சேர்த்த இஎன் 19 பலசாலி, ஆனா டூலைத் தின்னும். எந்த வேலைக்கு எதுங்கறதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நாம கேட்கறதே இல்லை. ரிப்போர்ட்ல ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியை ரெண்டு தசமம் வரைக்கும் எழுதறோம். மெட்டீரியலை ரெண்டே எழுத்துல முடிச்சிடறோம்.

"துண்டு ராடுக்கு யார் டெஸ்ட் சர்டிஃபிகேட் தருவாங்க?"னு கேட்பீங்க. நியாயம்தான், கிடைக்காது. ஆனா கிரேடு பேரை எழுதலாம். வெல்டிங் உண்டா, பளு எந்தப் பக்கமா விழும்னு பட்டறையில சொல்லலாம். அதுக்குக் காசு செலவில்லை.

உடைஞ்ச ஹப்பை எடுத்துட்டுப் போய்க் காட்டினப்போ அண்ணன் கேட்டார்: "வெல்டிங் அடிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா வேற ராடு எடுத்திருப்பேனே தம்பி?" நாலு பேர்கிட்டயும் பதில் இல்லை. ஜூனியர்ஸ், நீங்களாவது ட்ராயிங்கைக் கொடுக்கும்போது அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிடுங்க.