கடலூர்க் கடலும் பதின்மூன்று நாடுகளும்

கடலூர்த் தேவனாம்பட்டினக் கடற்கரையில் மாலை வேளையில் உலவும் தமிழருள் எத்துணைப் பேர், அமெரிக்க விடுதலைப் போரின் இறுதி மோதல்களுள் ஒன்று அக் கடலில் நிகழ்ந்தது என்பதை அறிவர்? பள்ளிப் பாடத்தில் பாசுடன் துறைமுகம் உண்டு. கடலூர்த் துறைமுகம் இல்லை.

பதின்மூன்று குடியேற்றங்களும் ஆங்கிலரை எதிர்த்து எழுந்தபோது பிரெஞ்சியர் அவற்றுக்குத் துணை நின்றனர். அப் பகை தமிழகக் கரைக்கும் பரவியது. 1781 சூன் 18ஆம் நாள், ஐதர் அலியின் படையினர் அரணாக்கியிருந்த தில்லைக் கோயிலைத் தாக்கிய ஆங்கிலப் படைத்தலைவன் அயர் கூட்டு, இழப்புடன் பின்வாங்கினான். சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் அவனே வென்றான். 1783 சூனில் பிரெஞ்சியர் வயமிருந்த கடலூரை ஆங்கிலர் முற்றுகையிட்டனர். 20ஆம் நாள் இரு கப்பற்படைகளும் கடலில் பொருதன. ஐரோப்பாவிலோ அவ்வாண்டுச் சனவரியிலேயே அமைதிக்குக் கையொப்பமிட்டிருந்தனர். செய்தி கடலூரை எட்டியது சூன் இறுதியில்தான். அதற்குள் வீழ்ந்தவருள், பிறர் கொடிக்காகக் கூலிக்குப் போரிட்ட இம் மண்ணின் மக்களும் உளர்.

அப் போரின் முடிவில் பதின்மூன்று நாடுகள் தம்மைத் தாமே ஆளும் உரிமை பெற்றன. தமிழர் பெற்றதோ ஆண்டை மாறிய அடிமைத்தனமே.

உரிமை பெற்றோர் அதனை எவ்வாறு காத்தனர்? தில்லைக் கோயில் தாக்கப்படுவதற்கு மூன்றரைத் திங்கள் முன்னர், 1781 மார்ச்சு முதல் நாள், அவர்தம் முதற் கூட்டமைப்பு நடைமுறைக்கு வந்தது. நாட்டுக்கு ஓர் ஒப்போலை. நடுவணுக்கு வரி தண்டும் ஆற்றலில்லை. பொது வழக்குமன்றமும் இல்லை. அது நொய்ம்மையுற்றது உண்மையே. "ஆகவே வலிய நடுவணரசே வேண்டும்" என்று தில்லி சார்ந்தோர் அதனையே சான்று காட்டுவர். ஆனால், 1787இல் பிலடெல்பியாவில் யாத்த புதிய அரசமைப்பை ஒவ்வொரு நாட்டுப் பேராளரும் தனித்தனியே கூடி ஆய்ந்து ஒப்பினர். ரோடு தீவு 1790 வரை ஒப்பவில்லை. அதுவரை வெளியிலேயே நின்றது. சிறு நாடாயினும் பெரு நாடாயினும் மேலவையில் இருவர். நடுவணுக்கு ஒப்படைக்காத உரிமைகள் மாநிலங்களுக்கும் மக்களுக்குமே உரியன என 1791இல் எழுதியும் வைத்தனர். அங்கு நடுவண் வலிமை பெற்றது உறுப்புகளின் இசைவால்.

இங்கு நிலை என்ன? மாநிலங்களவையில் உத்தரப்பிரதேசத்துக்கு 31 இடம், தமிழ்நாட்டுக்கு 18. எஞ்சிய அதிகாரமெல்லாம் நடுவணுக்கு. மாநிலத்தின் எல்லையை அதன் இசைவின்றியே நாடாளுமன்றம் மாற்றலாம். அமெரிக்காவில் அது இயலாது. அங்கு ஆளுநரை மக்கள் தேர்வர். இங்குத் தில்லி அமர்த்தும். மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியை 1976இல் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோயினர். இராசமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி செவிசாய்க்கவில்லை. 2025இல் மீண்டுமொரு குழு அமைக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவை உலகில் ஒரு சாரார் விடுதலையின் விளக்கென்பர். வியட்நாமில் வீழ்ந்த குண்டுகளை எண்ணுவோர் வல்லாண்மையின் கூடாரம் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. உரிமை பேசிய அதே 1787ஆம் ஆண்டு அரசமைப்பு, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. மண்ணின் முதன்மக்களைப் புறந்தள்ளியது. மாநில உரிமை என்னும் பெயரால் அடிமை முறையைக் காக்க முனைந்த தென் மாநிலங்கள் 1860-61இல் பிரிந்து, 1865இல் வீழ்ந்தன.

தமிழர்க்கு இவ் விரண்டும் பாடம். இசைவின்றி அமையும் ஒற்றுமை கட்டேயன்றி உறவன்று. அதனை அவிழ்க்க உரிமை கேட்டல் கடன். அதுபோன்றே, ஊரின் நடுவே சேரியை ஒதுக்கி வைத்துக்கொண்டு தில்லியிடம் சமன்மை கேட்பவன் குரலுக்கு வலுவிராது. 1783இல் பிறர் உரிமைப் போரில் இம் மண்ணின் குருதி கலந்தது. தன் உரிமைக்குத் தமிழன் தர வேண்டியது குருதியன்று. சாதியை விட்டெழும் ஒற்றுமையும் தாழாத குரலுமே!