நேரம் வேறு, வெப்பநிலை வேறு

பெரியவர் துணையோடு, கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீரை நுண்ணலை அடுப்பில் ஒரு நிமிடம் வைத்துக் கலக்கி அளந்து பாருங்கள். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தால், நீர் பெற்ற திறன் ஏறக்குறைய 700 வாட். அடுப்பு இழுப்பது 1,100 வாட் என்று கொள்வோம். மீதி 400 வாட் எங்கே? பெரும்பகுதி மாக்னட்ரானிலும் மின்மாற்றியிலும் வெப்பமாகி வீணாகிறது.

இந்த இழப்பைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு என்பேன். சாதாரண அடுப்பு உணவின் வெப்பநிலையை அறிவதில்லை. நேரத்தை மட்டுமே எண்ணுகிறது. 'பாதித் திறன்' என்று வைத்தாலும், மின்மாற்றி வகை அடுப்பில் மாக்னட்ரான் சில நொடிகள் முழுத் திறனில் இயங்கும். சில நொடிகள் ஓயும். உணவின் ஓரம் கொதிக்க, நடுவில் சூடு ஏறாமல் கிருமிகள் பிழைத்திருக்கலாம். அதற்கு அஞ்சி நேரத்தைக் கூட்டினால் மின்சாரம் வீண்.

இன்வெர்ட்டர் வகை அடுப்பு திறனையே சீராகக் குறைக்கிறது; வெப்பம் உள்ளே பரவ அவகாசம் கிடைக்கிறது. அகச்சிவப்பு உணரி மேற்பரப்பின் வெப்பநிலையைத் தொடாமலே அளக்கிறது. இவ்விரண்டும் எளிய விலை அடுப்புகளுக்கும் வரவேண்டும். அளக்காததைக் கட்டுப்படுத்த முடியாது என்பது இயற்பியலின் பாலபாடம் அல்லவா?