பாம்புக் குட்டிக்குக் கணப்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பாம்பே குளிரால் விறைத்துப் போகும் தேசங்களும் உண்டு. இங்கிலாந்து அவற்றுள் ஒன்று. அத்தேசத்தில் நாயும் பூனையும் வளர்ப்பது போலவே பாம்பு வளர்க்கும் குடும்பங்களும் பல இருக்கின்றன. நேயர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். நாகத்தையோ விரியனையோ அவர்கள் தொட்டிலிட்டுத் தாலாட்டவில்லை. அவர்கள் விரும்பி வளர்ப்பது 'கார்ன் ஸ்நேக்' என்னும் மக்காச்சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். விஷமற்றது, சாதுவானது, செம்மஞ்சள் மேனியில் சிவந்த திட்டுக்கள் கொண்டது. முட்டையினின்று வெளிவந்த குட்டி ஏறக்குறைய ஒரு ஜாண் நீளமும், பென்ஸில் பருமனும், சில கிராம் எடையுமே இருக்கும்.

இச்சிறு ஜீவனை ஒரு சிறு பெட்டியில் வைத்து அதற்கு வேண்டிய உஷ்ணத்தை அளிப்பது எவ்விதம் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இக்காரியத்தில் அன்பு மிகுதியாலேயே பல குட்டிகள் மாண்டு போகின்றன.

மனிதரும் பசுவும் காக்கையும் தாம் உண்ணும் உணவில் பெரும் பங்கை உடம்பைச் சூடாக வைத்துக் கொள்வதற்கே செலவிடுகின்றன. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. வேண்டும்போது வெதுவெதுப்பான இடத்துக்கும், போதுமென்றபோது நிழலுக்கும் நகர்ந்து தன் உடம்பின் உஷ்ணத்தைச் சரிப்படுத்திக் கொள்கிறது. வாரத்துக்கு ஒரு சுண்டெலிக் குஞ்சு அதற்குப் போதுமாயிருப்பதன் ரகசியம் இதுவே. ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெளியே உஷ்ணமில்லையேல் உள்ளே ஜீரணமில்லை. குளிரில் கிடக்கும் குட்டி விழுங்கிய இரையைச் சில நாட்களில் கக்கிவிடும். வளர்ந்த பாம்பு அதைத் தாங்கும்; குட்டிக்கோ அது பிராணாபத்தாகவே முடியலாம்.

ஆகவே பெட்டி முழுவதையும் சூடாக்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. தவறு அங்கேதான் நேருகிறது. பாம்புக்கு வேண்டியது உஷ்ணம் மட்டுமன்று. உஷ்ணத்தினின்று விலகிப் போக ஓர் இடமும் வேண்டும். பெட்டியின் ஒரு முனை 28 முதல் 30 டிகிரி ஸென்டிகிரேட் வரையிலும், மறு முனை 22 முதல் 24 வரையிலும் இருப்பது நலம். பெரிய பெட்டியில் இவ்வித்தியாசம் தானே உண்டாகும். ஒரு முழத்துக்கும் குறைவான பெட்டியிலோ ஒரு முனையில் இட்ட சூடு வெகு விரைவில் மறு முனைக்கும் பரவிவிடும்.

இதற்காக அந்நாட்டார் கையாள்வது காகிதம் போல் மெல்லிய மின்சாரப் பாய். சிறு பெட்டிக்குச் சில வாட் சக்தியுள்ளதே போதும். அதைப் பெட்டிக்கு வெளியே, அடிப்புறத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் படும்படி வைக்க வேண்டும். காற்றுப் புகுவதற்குச் சிறிது இடைவெளியும் விட வேண்டும். உஷ்ணம் குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தும் 'தெர்மாஸ்டாட்' கருவி இன்றியமையாதது. அது இல்லாத பாய் 40 டிகிரிக்கு மேலும் காய்ந்துவிடக் கூடும். வயிற்றுத் தோல் வெந்து போகுமளவும் பாம்பு அதன் மேலேயே கிடப்பதுண்டு. அக்கருவியையும் கண்மூடி நம்பலாகாது. அதன் உணர்முனை தண்ணீரில் நனைந்தாலோ, பாம்பு அதை இடம் பெயர்த்துவிட்டாலோ, பெட்டி குளிர்ந்திருப்பதாக எண்ணி மேலும் மேலும் சூடேற்றும். தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துத் தினமும் பார்ப்பதே விவேகம். மரத்தூளையும் கனமாகப் பரப்பலாகாது. குட்டி அதற்கடியில் புகுந்து, சூடு தேங்கி நிற்கும் அடித்தளத்திலேயே படுத்துக் கொள்ளும்.

பலர் கவனியாத விஷயம் இன்னொன்று உண்டு. ஒளிந்து கொள்வதற்கு இரு முனைகளிலும் தனித்தனி மறைவிடம் வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே இருந்தால், குட்டி சூட்டையும் குளிரையும் பொருட்படுத்தாமல் அம்மறைவிலேயே கிடக்கும். வெளியே வந்தால் பருந்து கொத்தும் என்பது அதன் பரம்பரை அச்சம். பெட்டிக்குள் பருந்து வாராதென்பதை அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

ஏற்பாடு சரியா என்பதைக் குட்டியே தெரிவித்துவிடும். எப்போதும் சூடான முனையிலேயே சுருண்டிருந்தால் உஷ்ணம் போதவில்லை என்று ஊகிக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் பெரும்பாலும் உஷ்ணம் மிகுதி. இங்குமங்கும் மாறி மாறி இருந்தால் க்ஷேமம். வெயில் விழும் ஜன்னலருகே மட்டும் பெட்டியை ஒருபோதும் வைக்கலாகாது. கண்ணாடிப் பெட்டி சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும். தெர்மாஸ்டாட் பாயை நிறுத்துமேயன்றிச் சூரியனை நிறுத்தாது.

இதைப் படித்துவிட்டுக் கையில் பெட்டியுடன் வேலியோரம் புறப்படும் சிறுவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்துக் கொள்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அன்றியும், நம் வேலியோரத்துப் பாம்புக்கு வெயிலும் நிழலும் புற்றும் இருக்கின்றன. கணப்பு மூட்டித் தர அதற்கு ஒருவரும் வேண்டியதில்லை.