ஆடுகளம்: கூடையடியை விட்டு வெளியே வந்தவர்

சென்ற இதழ் வெளிவந்த பின்னர் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் பதினான்கு வயதிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டானாம். பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறான்; ஆயினும் பயிற்சியாளர் அவனைக் கூடையடியினின்று நகரவே விடுவதில்லையாம். "பந்து வந்தால் பிடி, பிடித்தால் போடு" என்பதே அவனுக்குக் கிட்டிய உபதேசம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும், பார்த்து வழங்குவதும் குட்டையான பிள்ளைகளின் தனியுரிமை ஆகிவிட்டன. பையன் மனம் சோர்ந்து, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்கிறானாம்.

கூடையடியில் நிற்கும் இந்த நெடியவரைச் 'சென்டர்' என்பார்கள். அன்பருக்கு விடையாக, அவ்விடத்தில் ஆடிய ஹக்கீம் ஒலாஜுவான் என்பவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் 1963-ஆம் ஆண்டு நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் சிமெண்டு வணிகம் செய்தவர்கள். பதினைந்து வயது வாக்கில்தான் அவர் கூடைப்பந்தைத் தொட்டார். அதுவரை கால்பந்தில் கோல் கீப்பராகவும் ஹாண்ட்பால் வீரராகவும் இருந்தவர். காலந்தாழ்ந்து வந்தது குறை என்றே எவரும் எண்ணுவர். நாமோ அதைப் பெரும்பேறு என்போம். கூடையடியில் சிறுவயதிலேயே நட்டு வைக்கப்பட்ட மரமாக அவர் ஆகாமல் தப்பினார். கோல் கீப்பனுக்குக் கண் பந்தின்மேல் இருக்கும், கால் எத்திசைக்கும் பாயக் காத்திருக்கும். அந்தக் கால்களோடுதான் அவர் 1980-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்தார்.

அங்கே உடனே ஒளிவிட்டார் என்று எண்ண வேண்டாம். முதலாண்டு போட்டி எதிலும் ஆடவில்லை. கோடை நாட்களில் ஹூஸ்டனிலிருந்த ஃபாண்டி என்னும் பொதுப் பொழுதுபோக்கு நிலையத்துக்குச் சென்று, மோசஸ் மலோன் என்ற பெருவீரருடன் மோதிப் பழகினார். மலோன் அப்போதே தொழில்முறை ஆட்டத்தில் தலைசிறந்தவர் என்ற விருது பெற்றவர். இடித்தார், தள்ளினார், இளைஞர் தாங்கிக்கொண்டார். இத்தகைய ஆசான் கிடைப்பது அரிது.

1984-இல் தொழில்முறைக் கழகங்கள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் அழைக்கப்பட்டவர் இவரே. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜோர்டன் அவ்வாண்டு மூன்றாமவர். முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். ஆனால் தோழர்க்குப் பந்து வழங்கிக் கூடை போடச் செய்தது ஆட்டத்துக்கு 1.4 முறைதான். தடையின்றி எறியும் 'ஃப்ரீ த்ரோ'வில் நூற்றுக்கு 61 மட்டுமே விழுந்தது. அதாவது, அன்பரின் மகனை எப்படி ஆடச் சொல்கிறார்களோ, ஏறத்தாழ அப்படித்தான் இவரும் ஆடினார்.

கால்கள் முதலில் வழி காட்டின. கூடைக்கு முதுகு காட்டி நின்று, தோளை இடப்புறம் அசைப்பார். காவல் நிற்பவர் அப்பக்கம் சாய்வார். அதற்குள் ஒரு காலை ஊன்றி வலப்புறம் திரும்பியிருப்பார். அங்கும் எறிவதுபோல் பாசாங்கு காட்டி, எதிரி துள்ளி எழுந்ததும் அடியில் நுழைந்து பந்தைக் கூடையில் இட்டுவிடுவார். 'ட்ரீம் ஷேக்' என்று பெயர் பெற்ற இவ்வித்தை கால்பந்திலிருந்து வந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். 1990 மார்ச்சில் மில்வாக்கிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 18 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள், 10 முறை பந்து வழங்கல், 11 தடுப்புகள் என்று நான்கிலும் இரட்டை இலக்கம் கண்டார்.

இடையே ஒரு செய்தி. அமெரிக்காவில் பத்தாண்டுக் காலம் அவர் பெயரை 'அகீம்' என்றே எழுதி வந்தனர். 1991-இல் அவர் அதைத் திருத்தி, 'ஹக்கீம்' என எழுதுமாறு அறிவித்தார். பள்ளிப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் சிதைவதைக் கண்டு மனம் வருந்தும் நம் குடும்பங்களுக்கு இது புரியும்.

வழங்கும் கலை கைவரத்தான் நாளாயிற்று. எதிரணியார் இருவர் மூவராகச் சூழ்ந்தபோதும் அவர் தாமே கூடை போட முயல்வார், பந்து பறிபோகும். 1991-92 பருவத்தில் ஹூஸ்டன் அணி இறுதிச் சுற்றுகளுக்கே தேறவில்லை. கழக நிர்வாகத்தோடு மனத்தாங்கலும் மூண்டு, வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்கும் அளவுக்குப் போனார். அந்நிலையில் பயிற்சியாளராக வந்த ரூடி டாம்ஜனோவிச், தொலைவிலிருந்து எறிய வல்லவர்களைச் சுற்றிலும் நிறுத்தி, பந்தை நடுவில் இவரிடம் கொடுத்தார். இருவர் சூழ்ந்தால் ஒருவன் தனியே நிற்கிறான் என்றுதானே பொருள்? அவனைக் கண்டுபிடித்து வழங்குவதே இனி இவருடைய வேலை. 2.2 ஆக இருந்த சராசரி மறுபருவமே 3.5 ஆயிற்று. இந்த எண் சிறிதாகத் தோன்றலாம். இவர் வழங்கிய பந்தை வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்றி அவர் கூடை போட்டால், அது இவர் கணக்கில் ஏறாது என்பதையும் நினைவிற்கொள்க. ஃப்ரீ த்ரோவும் நூற்றுக்கு 78-ஐ எட்டியது.

1993-94-இல் தலைசிறந்த வீரர், தலைசிறந்த தற்காப்பாளர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் ஒரே பருவத்தில் பெற்ற முதல்வரானார். இறுதித் தொடரில் எதிரே நின்றது நியூயார்க். அதன் சென்டரான பாட்ரிக் யூயிங், 1984-இல் கல்லூரி இறுதியாட்டத்தில் இவரைத் தோற்கடித்த அணியின் வீரர். ஆறாவது ஆட்டம், ஹூஸ்டன் 86, நியூயார்க் 84, கடைசி நொடிகள். நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எழும்பி எறிந்தார். விழுந்திருந்தால் கோப்பை நியூயார்க்குக்கே. கூடையடியில் நிற்கவேண்டியவர் எனப்பட்ட ஒலாஜுவான் அவ்வளவு தூரம் வெளியே ஓடிவந்து, விரல்நுனியால் பந்தைத் தொட்டுவிட்டார். அது கூடையை எட்டவில்லை. ஏழாவது ஆட்டத்தையும் ஹூஸ்டனே வென்றது. மறு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே.

அந்தக் காட்சி இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அன்பர் தம் மகனோடு அமர்ந்து பார்க்கட்டும். முதல் முறை பந்தைப் பார்க்கலாம். இரண்டாம் முறை ஒலாஜுவானின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லவும்.