ஓடாத மெஷினில் எடுத்த 35 அளவுகள்

புனே பக்கம் போசரியில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டாத தொழிற்சாலையை நான் இன்னும் பார்க்கவில்லை. ரிசப்ஷனில் கணபதி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் விசேஷ பூஜை.

நம்மாட்கள் நிறையப் பேர் பிம்ப்ரி, சாகன் வட்டாரத்தில் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் இருக்கிறீர்கள். கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அளவுகளையும் டேட்டாவையும் சரிபார்க்கிறோம் என்று நடக்கிற ஆடிட்டில் பெரும்பகுதி, பேப்பர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அந்த நம்பர் எங்கே பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை.

"நீ பேங்க்காரன், படித்தது பி.காம்., உனக்கெதுக்கு இந்த வேலை?" என்பீர்கள். இதே கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்துவிட்டு, மாதாமாதம் அவர்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். சமைத்த நம்பரின் வாசனை கொஞ்சம் தெரியும்.

தரநிலையில் குற்றமில்லை. ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2000-ஆம் வருஷப் பதிப்பில் 8.2.3, 8.4 என்று இருந்த சங்கதி, 2015 பதிப்பில் 9.1-க்குள் வந்துவிட்டது. எதை அளக்க வேண்டும், எப்படி, எப்போது, வந்த முடிவை ஆராய்ந்து என்ன செய்தாய் என்று அழகாகத்தான் கேட்கிறது. ஆடிட்டர் வருகிறார். கேஜில் காலிப்ரேஷன் ஸ்டிக்கர் தேதி பார்க்கிறார், சார்ட் பார்க்கிறார், மேனேஜ்மெண்ட் ரிவ்யூ மினிட்ஸில் கையெழுத்து பார்க்கிறார். அப்புறம் சமோசா, டீ. முடிந்தது.

ஒரு யூனிட்டுக்கு (பெயர் வேண்டாம்) லிமிட் புதுப்பிக்கிற விஷயமாகப் போயிருந்தேன். ஒரு சி.என்.சி. லேத் பக்கத்தில் சார்ட் தொங்கியது. துளையின் விட்டம் 25 மி.மீ., கூடக்குறைய 0.03 வரை போகலாம். மணிக்கு ஐந்து அளவு. மாதம் பூராவும் ஒன்றுகூட 0.01-ஐத் தாண்டவில்லை. மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. மெயின்டெனன்ஸ் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு ஸ்பிண்டில் பேரிங் போய், காலை ஐந்து வரை அந்த லேத் நின்றிருக்கிறது. சார்ட்டில் அந்த ஏழு மணி நேரத்துக்கும் 35 அளவுகள், எல்லாம் தங்கம் மாதிரி! முந்தின மாதம்தான் இவர்கள் ஆடிட் முடித்திருந்தார்கள், ஒரு குறைகூட இல்லாமல்.

இதை எழுதிய பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. டிப்ளமோ முடித்துவிட்டு ட்ரெய்னியாக வந்தவன். நிஜ அளவை எழுதினால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார், டிஸ்பாட்ச் தள்ளிப்போகும், வாடிக்கையாளர் அபராதம் போடுவார். பொய்யை எழுதினால் எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாளைக்கு ஒரு பிரேக் பார்ட் ரோட்டில் உடைந்தால் ரிஜிஸ்டரில் இருப்பது அவன் கையெழுத்துதானே? விழுப்புரத்திலிருந்து நீங்கள் கூப்பிட்டு வந்து வேலையில் சேர்த்துவிட்ட அக்கா பையனாகவும் அவன் இருக்கலாம்.

பி.காம். படித்தவர்களுக்கு 1896-ஆம் வருஷத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு ஞாபகம் இருக்கும். மில் மேனேஜர் வருஷக்கணக்கில் சரக்கிருப்பை ஊதிப் பெருக்கிக் காட்டினார், ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சர்டிபிகேட்டை நம்பினார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் இல்லை என்று கோர்ட் அவர்களை விட்டுவிட்டது. ஆடிட்டர்களுக்கு அந்த வரி மனப்பாடம். சந்தேகம் வருகிற மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் அடி வரை தோண்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறதே, அது ஏன் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை? ஒரு மாதம் அசையாத சார்ட்டை விடவா பெரிய சந்தேகம் வேண்டும்?

சின்ன யூனிட்டின் வியாதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானில் கோபே ஸ்டீல், அலுமினியம், செம்புப் பொருட்களின் தர அளவுகளைத் திருத்தி அனுப்பியதை 2017 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். 1970களிலிருந்தே நடந்தது என்று அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. எத்தனை ஆடிட் தாண்டிப் போயிருக்கும், நினைத்துப் பாருங்கள். இங்கே பஞ்சாபில் ரான்பாக்ஸியின் டோன்ஸா ஆலையில் வேறு ரகம்: சோதனையில் தேறாததைத் தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2014 ஜனவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. தடை போட்டது.

சான்றிதழ் தருகிறவரைக் கம்பெனியே தேர்ந்தெடுத்து, கம்பெனியே காசு கொடுக்கிறது. கோளாறு இங்கேதான். பேங்கில் ஸ்டாக் ஆடிட் ஃபீஸைக் கடன்காரர் கணக்கில்தான் எடுப்போம், ஆனால் ஆடிட்டர் யார் என்று முடிவு செய்வது பேங்க். பார்ட்ஸ் வாங்குகிற பெரிய கார் கம்பெனிகள் ஏன் இதைச் செய்யக் கூடாது?

பேங்குகள் ரொம்ப யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். 2015-இல் ரிசர்வ் வங்கி தோண்டிப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது, 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. வாராக்கடனை ஆள் கையால் இல்லாமல் சிஸ்டமே அடையாளம் காண வேண்டும் என்று 2020 செப்டம்பரில் உத்தரவே போட்டார்கள். கேஜிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு அளவு போகிற ஏற்பாடும் அதே ஜாதிதான். செலவாகும் என்று முதலாளிகள் முனகுகிறார்கள். லாபிக்கு இத்தாலியன் மார்பிள் போடும்போது அந்த முனகலைக் காணோம்.

அதுவரைக்கும் இன்டர்னல் ஆடிட் செய்கிறவர்கள் சார்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். கரண்ட் பில்லை எடுங்கள். ரிஜெக்ட் ஆன பீஸைப் பழைய இரும்புக்கு விற்ற பில்லில் எத்தனை கிலோ என்று பாருங்கள், உங்கள் ரிஜெக்‌ஷன் சதவீதத்தோடு ஒத்துப்போகிறதா? போன வருஷம் எந்த அளவைப் பார்த்து லைனை நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். மெயின்டெனன்ஸ் ரிஜிஸ்டர் அடுத்த ரூமில்தான் இருக்கும்.