தாய் அறியாத மொழியில் தாயின் கதை: கலிஃபாத்திதேஸின் நூல்களும் மரபுரிமை குறித்த கேள்வியும்

புலம்பெயர் இலக்கியம் என்னும் வகைப்பாடு தமிழாய்வில் பெரும்பாலும் மொழியை அளவுகோலாகக் கொண்டே அமைந்துள்ளது. அயல்நாட்டில் வாழ்ந்தும் தமிழில் எழுதுபவர் அவ்வகைப்பாட்டுக்குள் எளிதில் இடம்பெறுகிறார். கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் களமாகக் கொண்டு கனடாவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதிய ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) போன்ற நாவல்கள் ஆங்கிலத் துறையினருக்கு உரியனவாகக் கருதப்படுகின்றன. தாய்மொழியை விட்டவர் மரபையும் விட்டவர் என்னும் எண்ணமே இதன் அடியில் உள்ளது. கிரேக்கத்தில் பிறந்து சுவீடனில் குடியேறிய தியோடோர் கலிஃபாத்திதேஸின் நூல்களை வைத்துப் பார்க்கும்போது இவ்வெண்ணம் நிலைபெறுவதில்லை.

கலிஃபாத்திதேஸ் 1938ஆம் ஆண்டு லக்கோனியாப் பகுதியிலுள்ள மொலாயி என்னும் ஊரில் பிறந்தவர். 1964இல், இருபத்தாறாம் வயதில், சுவீடன் சென்றார். ஐந்தே ஆண்டுகளில் சுவீடிய மொழியில் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதல் நாவல். 1972 முதல் 1976 வரை அந்நாட்டின் முதன்மையான இலக்கிய இதழ்களுள் ஒன்றுக்கு ஆசிரியராகவும் இருந்தார். மொழிமாற்றம் இவ்வளவு விரைவாக நிகழ்ந்ததாலேயே அவர் கிரேக்கத்தை மறந்துவிட்டார் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் 1973 முதல் 1977 வரை அவர் எழுதிய மூன்று தொடர் நாவல்களின் பொருள் கிரேக்கமே. ஜெர்மானியப் படை ஆக்கிரமித்திருந்த காலத்துச் சிற்றூர் வாழ்வும், அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரின் கொடுமையும் அவற்றில் விரிகின்றன.

இந்நாவல்கள் ஏன் கிரேக்கத்தில் எழுதப்படவில்லை என்னும் கேள்விக்குப் பிழைப்பு, வாசகர், பதிப்பகம் ஆகிய எளிய விடைகள் உள்ளன. அவை பொய்யல்ல, ஆயினும் போதா. முதல் நாவல் வெளிவந்தபோது ஏதென்சில் இராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தது (1967-1974). அதைவிட ஆழமான தடை மொழிக்குள்ளேயே இருந்தது. உள்நாட்டுப் போரில் தோற்ற இடதுசாரிகளைக் ‘கொள்ளைக் கூட்டத்தார்’ என்றும், அப்போரைக் ‘கொள்ளையர் போர்’ என்றும் குறிப்பதே கிரேக்க அரசின் வழக்கமாக இருந்தது. ‘உள்நாட்டுப் போர்’ என்னும் சொல்லை அரசு சட்டத்தின் வழி ஏற்றது 1989இல்தான். அப்போரைப் பற்றி ஒருவர் கிரேக்கத்தில் வாய் திறந்ததும், அவர் தேர்ந்த பெயர்ச்சொல்லே அவரை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடும். அயல்மொழிச் சொற்களுக்கு அந்தப் பழிச்சுமை இல்லை. சொந்த ஊரைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற நடுநிலமாகச் சுவீடிய மொழி அவருக்கு அமைந்தது எனக் கொள்வதே பொருத்தமானது.

‘தாய்மாரும் மகன்மாரும்’ (2007) என்னும் தன்வரலாற்று நூல் இச்சிக்கலின் மையம். தொண்ணூறு வயதைக் கடந்த தாயைக் காண, அறுபதுகளின் இறுதியிலிருக்கும் மகன் ஏதென்சுக்கு வருகிறார். தாயைப் பற்றி எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். உரையாடல்கள் கிரேக்கத்தில் நிகழ்கின்றன; நூலோ சுவீடிய மொழியில் உள்ளது. தாய் படிக்க இயலாத மொழியில் தாயின் சொற்கள் பதிவாகின்றன. மூலம் எழுதப்படாமலே மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சிய விந்தையான பனுவல் இது. இந்நூலுக்குள் தந்தையின் வாழ்க்கைக் குறிப்பும் இடம்பெறுகிறது. ஆசிரியத் தொழில் புரிந்த அத்தந்தை கருங்கடற்கரையிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தவர், ஜெர்மானியரால் சிறைப்பட்டவர். 1923ஆம் ஆண்டின் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையை ஒட்டிச் சிறிய ஆசியாவிலிருந்து ஏறத்தாழ 12 இலட்சம் மரபுவழிக் கிறித்தவர்கள் வேரறுந்து வந்த வரலாற்றோடு இணைத்து நோக்க வேண்டிய வாழ்வு அது. எனவே ‘பூர்வீகம்’ எனப்படும் மொலாயியும் தந்தை வழியில் வந்தேறிய ஊரே. புலம்பெயர்தல் மகனிடம் தொடங்கவில்லை. அவன் பெற்ற மரபுரிமையின் ஒரு பகுதியாகவே அது இருந்தது.

இழப்பு இல்லை எனக் கூறுவதும் தவறாகும். கிரேக்க மொழியில் தமிழின் நீ, நீங்கள் போன்ற மரியாதை வேறுபாடு உயிரோடு உள்ளது. சுவீடிய மொழியோ 1960களின் இறுதியிலிருந்து எல்லோரையும் ஒருமையில் விளிக்கும் வழக்கத்துக்கு மாறியது. பெருநிலக்கிழாருக்கும் உழவருக்கும் இடையிலான தொலைவைக் கிரேக்கம் ஒரு வினைவிகுதியால் உணர்த்திவிடும். சுவீடிய மொழியில் அதனை வேறு வகையில்தான் கட்டியெழுப்ப வேண்டும். இத்தகைய இழப்புகளை நூல்வாரியாக ஆராய்தல் பயன் தரும். ‘மரபிலிருந்து விலகியவர்’ என்னும் பொதுத் தீர்ப்பு அந்த ஆய்வுக்கே வழியடைத்துவிடுகிறது.

எழுபத்தேழாம் வயதில் எழுத்து வற்றியதாக உணர்ந்த கலிஃபாத்திதேஸ், ஸ்டாக்ஹோமிலிருந்த தம் எழுத்தறையை விற்றுவிட்டுக் கிரேக்கம் சென்றதையும், அங்குத் தாய்மொழியில் மீண்டும் எழுதத் தொடங்கியதையும் ‘இன்னுமொரு வாழ்க்கை’ கூறுகிறது. இதனை வீடு திரும்பல் எனக் கொண்டாடுவோர் உளர். அவ்வாறாயின் இடையிலிருந்த ஐம்பதாண்டு எழுத்தும் வழிதவறிய பயணம் என்றாகிவிடும். நூலின் சான்று வேறு. மொலாயியில் பள்ளி மாணவர்கள் நடித்த ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகமே அவரை அசைக்கிறது. கி.மு. 472இல் அரங்கேறிய அந்நாடகம் கிரேக்கரின் வெற்றியைத் தோற்ற பாரசீகரின் அரண்மனையிலிருந்து, அவர்களுடைய புலம்பலின் வழியே காட்டுவது. கிரேக்க இலக்கியத்தின் தொடக்கத்திலேயே அயலாரின் கண்வழித் தன்னைக் காணும் பார்வை உண்டு என்பதை அத்தேர்வு நினைவூட்டுகிறது. இதன்பின் 2018இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்துக் கிரேக்கச் சிற்றூரில் ஆசிரியை ஒருவர் மாணவர்க்கு இலியட் கதை சொல்வதாக அமைந்த அவருடைய நாவல் சுவீடிய மொழியில் வெளிவந்தது.