வேக்குவம் கிளீனர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

முதல் வீடு வாங்கியவனுக்கு மூணாவது மாசம்தான் ஞானம் பிறக்கும். வங்கிக்காரன் வட்டியை விட வேகமாக வளர்வது வீட்டுத் தூசிதான். நான் சொல்வது நொய்டா வீடு. மதுரைக்காரனான எனக்குப் புழுதி ஒன்றும் புதிதில்லை. ஆனால் இங்கே மே, ஜூனில் 'ஆந்தி' என்று ஒரு புழுதிக்காற்று ராஜஸ்தான் பக்கமிருந்து கிளம்பி வரும் பாருங்கள், பால்கனிக் கதவைச் சாத்தியிருந்தாலும் சாப்பாட்டு மேஜையில் விரலால் கோலம் போடலாம். போதாததற்கு நாலு பக்கமும் கட்டடம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டியதை இடித்ததும் உண்டு. செக்டர் 93ஏ-யில் இரட்டைக் கோபுரங்களை 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்த ஊர் இது.

எங்கள் வீட்டில் இது வெறும் அழுக்குப் பிரச்சினையாக இல்லை. மகளுக்கு ஆறு வயது. காலையில் வீடு பெருக்கினால் பத்து நிமிஷத்தில் தும்மல், ராத்திரி இழுப்பு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டு, "துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்துங்க. ஈரத்துணியால துடைங்க. முடிஞ்சா வேக்குவம் கிளீனர் வாங்குங்க" என்றார்.

உடனே கிளம்பிவிட்டேன். இன்ஜினியர் இல்லையா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கடைக்காரர் "1800 வாட்ஸ் சார், யானையையே இழுக்கும்" என்றார். ஸ்டீல் டிரம், தண்ணீரையும் உறிஞ்சும், காற்றையும் ஊதும். 11,500 ரூபாய். இது என் முதல் தப்பு.

வாட்ஸ் என்பது மெஷின் தின்கிற கரண்டின் கணக்கு, அது இழுக்கிற தூசியின் கணக்கு இல்லை. உறிஞ்சும் திறனைக் கிலோபாஸ்கலிலோ ஏர்வாட்டிலோ தனியாகப் போட்டிருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 2014-இல் 1600 வாட்ஸுக்கு மேலும், 2017-இல் 900 வாட்ஸுக்கு மேலும் விற்கக் கூடாது என்றே சட்டம் போட்டார்கள். அதனால் அங்கே வீடுகள் நாறிப் போய்விடவில்லை. கம்பெனிகள் ஒழுங்காக வடிவமைக்கக் கற்றுக்கொண்டன, அவ்வளவுதான்.

இன்னொன்று. 1800-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். ஹாலில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் அதற்கு ஆகாது. எங்கள் வீட்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருப்பது சமையலறையிலும் கீஸர் பக்கத்திலும், அப்புறம் ஏசிக்காகச் சுவர் உச்சியிலும். வேக்குவம் போட ஏணி எடுக்கிற வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நான் குடியிருந்தேன் :-)

இரண்டாவது தப்பு. கார்ப்பெண்டரும் பெயிண்டரும் போன மறுநாள் புட்டித் தூசியை அதை வைத்தே உறிஞ்சினேன். சிமெண்ட், புட்டி மாதிரி மாவுத் தூசி வீட்டு மெஷினின் ஃபில்டரை அடைத்துவிடும். இழுவை பாதியானது. புது வீட்டுக்காரர்களே, முதல் சுத்தத்தை ஈரத்துணி, வாளி, ஆள் வைத்துச் செய்யுங்கள். மெஷின் அதற்கப்புறம் வரட்டும்.

மூன்றாவது தப்புதான் பெரியது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு மாசம் ஆனது.

எங்கள் வீட்டில் பெருக்கித் துடைப்பவர் ஒரு வங்காளப் பெண்மணி. நாங்கள் 'தீதி' என்போம், அவர் என்னைப் 'பையா' என்பார். மெஷின் வந்த முதல் வாரம் நான் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார். இரண்டாவது வாரம் பார்த்தால் மெஷின் பரணுக்குக் கீழே மூலையில், தீதி கையில் பழைய துடைப்பம். நான் ஆபீஸ் போனதும் இதுதான் நடக்கிறது என்று தங்கமணி சொன்னாள். எனக்குக் கோபம். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அப்படியே தங்கமணியிடமும் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டேன். தீதி தயங்கித் தயங்கி இரண்டு விஷயம் சொன்னார். "ரொம்ப கனம் பையா. ஆறு வீட்டில் இது மூணாவது வீடு, தூக்க முடியலை." கொஞ்ச நேரம் கழித்து, "மெஷின் வந்தா சம்பளத்தைக் குறைப்பீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பேசும்போதே துப்பட்டாவால் வாயை மூடி இருமினார். என் பெண் ஒரு வீட்டுத் தூசிக்கு இருமியதற்கு டாக்டரிடம் ஓடினேன். ஒரு நாளைக்கு ஆறு வீட்டுத் தூசியைக் கிளப்பி, அதற்குள்ளேயே நின்று வேலை செய்கிறவர் இருமுவது என் காதில் விழவே இல்லை.

துடைப்பம் தூசியைத் தரையிலிருந்து காற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் மெஷின்களும் அப்படித்தான் இருந்தன, காற்றை ஊதித் தூசியைக் கிளப்புகிற ரகம். அதைப் பார்த்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேய இன்ஜினியர், ஊதாமல் உறிஞ்சினால் என்ன என்று யோசித்து 1901-இல் காப்புரிமை வாங்கினார். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் தூசியைக் கிளப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நிற்க. அடுத்த சனிக்கிழமை தீதியையும் கடைக்குக் கூட்டிப் போனோம். கடைக்காரர் என்னிடமே பேசிக்கொண்டிருந்தார். "அவங்க கிட்ட சொல்லுங்க, அவங்கதான் ஓட்டப் போறாங்க" என்றேன். தீதி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், ஓட விட்டுச் சத்தம் கேட்டார், வயரை முழுசாக இழுத்துப் பார்த்தார். நான் ஆசைப்பட்ட பை இல்லாத மாடலின் டப்பாவைத் திறந்து மூடிவிட்டு, "இதைக் கொட்டும்போது தூசி மறுபடி மூஞ்சியில்தானே வரும்?" என்றார். இன்ஜினியருக்குத் தோன்றாத கேள்வி!

கடைசியில் வாங்கியது 1200 வாட்ஸ், நாலரைக் கிலோ, தூக்கிப் போடும் பை வைத்தது. 6,200 ரூபாய். 6 ஆம்பியர் பாயிண்ட்டிலேயே ஓடுகிறது. இருபது நிமிஷம் ஓடினால் 0.4 யூனிட். பை ஒன்று 90 ரூபாய், மாசம் ஒன்று ஆகிறது. ஐந்து வருஷத்துக்குப் பை 5,400 ரூபாய், மெஷினோடு சேர்த்து 11,600. நான் மூலையில் போட்டு வைத்த மெஷினின் விலைதான்!

என்னைக் கேட்டால், முதல் வீட்டுக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவைதான். ஃபில்டரில் 'ஹெப்பா' என்ற பெயர் மட்டும் போதாது. உண்மையான ஹெப்பா 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும், எச்13 மாதிரி தர எண்ணைத் தேடுங்கள். 'ஹெப்பா மாதிரி' என்றால் கடந்து போய்விடுங்கள். பையும் ஃபில்டரும் உங்கள் ஊரில் கிடைக்கிறதா, என்ன விலை என்று மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். வயர் ஹாலின் கடைசி வரை எட்ட வேண்டும். வயர் இல்லாத ரகம் வசதிதான், ஆனால் சில வருஷத்தில் பேட்டரி தளரும், புது பேட்டரி விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரோபோ நல்ல பொம்மை, ஆனால் சோபா மேலே ஏறாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. காசு கொடுப்பவர் ஒருவர், கையில் பிடிப்பவர் இன்னொருவர் என்றால், பிடிப்பவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். அது மனைவியாகவும் இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம், தீதியாகவும் இருக்கலாம். பயன்படாத மெஷினை விட விலை உயர்ந்த மெஷின் உலகத்தில் கிடையாது.

சம்பளத்தைக் குறைக்கவில்லை. மெஷின் போடுவதற்குப் பெருக்குவதை விடக் கூட நேரம் ஆகிறது என்பதால் முந்நூறு ரூபாய் ஏற்றினோம். மகளுக்கு ராத்திரி இழுப்பு குறைந்திருக்கிறது, குளிர்காலப் புகைமூட்டத்தில் மட்டும் திரும்ப வருகிறது. தீதியின் இருமல் நிற்கவில்லை. மீதி ஐந்து வீட்டில் இன்னும் துடைப்பம்தானே.

டிஸ்கி: அந்த 1800 வாட்ஸ் யானை நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஃபில்டர் மட்டும் மாற்ற வேண்டும். நொய்டா பக்கம் யாராவது கார் கழுவும் கடை வைத்திருந்தால் சொல்லுங்கள், ஏணியையும் சேர்த்தே தருகிறேன்.